அப்பாவின் முகத்தில் பரிதாபம் போதவில்லை

என் அப்பா காணாமல் போன அன்று நான் போட்ட பதிவுதான் என் தொழில் வாழ்க்கையிலேயே அதிகம் பேர் பார்த்த பதிவு. இத்தனை வருடமாக ஊரார் மெத்தையையும் மாவையும் விற்பதற்காக நான் எழுதியது எதுவும் அதன் கால்தூசிக்கு வராது. தொழில்முறையில் பெருமைப்பட வேண்டிய விஷயம். பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரூர் போகும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் நின்றுகொண்டு, ஒரு நிமிடம் அப்பாவை மறந்து பெருமைப்பட்டேன். இந்தக் கதையில் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே வேறு வேலை பார்க்கலாம்.

என் பெயர் மௌலீஸ்வரன். கோயம்புத்தூரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறேன். அது என்ன வேலை என்று அப்பா பலமுறை கேட்டிருக்கிறார். நானும் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீயா ஒண்ணும் செய்யறதில்ல. அடுத்தவன் செஞ்சதைச் சத்தம் போட்டுச் சொல்றே" என்றார். அதைவிடச் சுருக்கமாக நானே சொன்னதில்லை. மறுநாள் அதை என்னுடைய பொன்மொழியாக வெளியிட்டேன். நன்றாக ஓடியது.

எங்கள் தொழில்காரர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. பெயர் வளர்ச்சி வட்டம். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, எங்கள் ஊர் என்று இந்தப் பக்கத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதில் இருந்தோம். ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லிக்கொள்வதும் தொடர்புகளை வளர்த்துக்கொள்வதும்தான் நோக்கம் என்று முகப்பில் எழுதியிருக்கும். உண்மையான நோக்கம் வேறு. ஒருவர் எங்கேயாவது பதிவு போட்டால் மற்றவர்கள் உடனே போய் அதன் கீழே நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். அப்போதுதான் அந்தப் பதிவை இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுவார்கள். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். இன்று நீ வைத்தால் நாளை நான் வைப்பேன். வைக்காதவனை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அதனால் எங்களுக்குள் அதற்கு மொய் என்றே பெயர்.

மொய் எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்த சமயத்தில்தான் பதிலாள் வந்தது. நாம் இதுவரை எழுதியது, பேசியது எல்லாவற்றையும் படித்துவிட்டு, நம் பெயரில், நம் நடையில், நம் குரலில்கூட, நம்மைவிட வேகமாக வேலை பார்க்கும் செயலி. என்னுடையதற்குச் சின்ன மௌலி என்று பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு வட்டத்தில் பதிலாட்களே ஆலோசனை கேட்டன, பதிலாட்களே சொல்லின, பதிலாட்களே நெகிழ்ந்துபோய் நன்றி தெரிவித்துக்கொண்டன. சாயங்காலம் எனக்கு ஒரு சுருக்கம் வரும். 'இன்று திருப்பூர் லோகநாயகியுடன் உங்கள் நட்பு ஆழமானது' என்று இருக்கும். மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போவேன்.

பதிலாள் வைத்துக்கொள்ளாதவர் குனியமுத்தூர் ஷாஜகான் ஒருவர்தான். கொள்கையெல்லாம் இல்லை. அவருடைய பதிலாள் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டது, அந்தக் கோபம். அதனால் அவர் மட்டும் இன்னும் கையால் எழுத்துப்பிழையோடு மொய் எழுதிக்கொண்டிருந்தார். பாவம், காலத்துக்கு ஒத்து வராத மனிதர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பேசிக்கொண்டதும் பதிலாட்கள்தான்.

இந்த வட்டத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. 'உதவி கேள், ஊரே ஓடி வரும்' என்பது என் கண்டுபிடிப்பு. பொருளை விற்காதே, உதவி கேள். மனிதர்கள் விளம்பரத்தைத் தாண்டிப் போவார்கள், அழுகையைத் தாண்டிப் போக மாட்டார்கள். இதை வைத்து நான் வட்டத்தில் வகுப்பே எடுத்தேன். எடுத்துக்காட்டாக என் சொந்தச் சரக்கையே காட்டினேன். 'என் அம்மாவைக் காணவில்லை' என்று கொட்டை எழுத்தில் தொடங்கி, ஒரு பாட்டியின் படத்தைப் போட்டு, 'கடைசியாகச் சமையலறையில் பார்த்தோம்' என்று உருகி, கடைசி வரியில் 'இப்போது அவர் பக்கத்து வீட்டு அத்தையோடு சினிமாவுக்குப் போய்விட்டார், காரணம் நம் ரெடிமேட் இட்லி மாவு' என்று முடித்திருந்தேன். மாவு பறந்தது. வட்டத்தில் எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள். அதன்பிறகு ஒரு வருடம் இந்தப் பக்கத்தில் காணாமல் போகாத அம்மாவே இல்லை. பல் டாக்டர் தன் சிரிப்பைத் தொலைத்தார். மெத்தைக் கடைக்காரர் தூக்கத்தைத் தொலைத்து ஊரெல்லாம் தேடினார்.

இப்படி ஊரையே நான் தயார்படுத்தி வைத்திருந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை காலை அப்பாவைக் காணவில்லை.

நான் வடவள்ளி வீட்டு மாடியறையில் ஒரு கம்பெனிக்காரர்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். காய்கறி வாங்கப் போயிருந்த என் மனைவி பிருந்தா மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"ஏனுங்க, மாமா இங்க இருக்காரா?"

"கீழதான இருப்பாரு."

"கேட்டு தொறந்து கெடக்குதுங்க. செருப்பையும் காணோம்."

அப்பாவுக்கு ஒரு வருடமாக ஞாபகம் பிசகிவிட்டது. நேற்று நடந்ததும் முப்பது வருடத்துக்கு முன் நடந்ததும் அவருக்குள் ஒரே வரிசையில் நின்றன. தனியாக வெளியே போனால் திரும்பி வரத் தெரியாது. சர்க்கரைக்கு மாத்திரை வேறு வேளை தவறாமல் போட வேண்டும். நான் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினேன். கோயில், முடிதிருத்தும் கடை, அவர் தினமும் நின்று வேடிக்கை பார்க்கும் கட்டட வேலை நடக்கும் இடம், எங்கும் இல்லை.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க ஆட்டோ ஸ்டேண்டு, பஸ் ஸ்டாப்புன்னு எல்லாப் பக்கமும் கேளுங்க" என்றாள் பிருந்தா.

"மொதல்ல ஒரு போஸ்ட் போட்டர்றேன்."

"கேட்டுட்டுப் போடுங்க."

நான் போட்டுவிட்டுக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். தண்ணீர் தாகமெடுத்தாலும் அதைப் பற்றி ஒரு பதிவு போட்டுவிட்டுக் குடிக்கிற பிறவி நான்.

கைபேசியில் அப்பாவின் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. சாயம் அடித்த தடித்த மீசை, தலையில் கிரிக்கெட் தொப்பி, யாரையோ வாக்குவாதத்தில் மடக்கிவிட்டு வந்த சிரிப்பு. அதைப் போட்டு, 'என் அப்பா சென்னியப்பனைக் காணவில்லை, ஞாபக மறதி உண்டு, பார்த்தவர்கள் அழைக்கவும்' என்று என் எண்ணையும் எழுதினேன்.

"ஹூக் இல்லை. ஆளை இழுத்து நிறுத்தும் முதல் வரி வேண்டும்" என்றது சின்ன மௌலி.

"இது நெசம்டா. விளம்பரம் இல்ல."

"'இது விளம்பரம் இல்லை' என்ற தொடக்கம் நன்றாக ஓடுகிறது. போன மாதம் பல வாடிக்கையாளர்களுக்குப் பயன்படுத்தினோம். சேர்க்கட்டுமா?"

அப்போதே அதை நிறுத்தியிருக்க வேண்டும். "சேர்த்துத் தொலை, எப்படியாவது நெறையப் பேரு பாக்கணும்" என்றேன்.

வண்டியில் ஏறுவதற்குள் மொய் வந்து விழத் தொடங்கியது. எல்லோரும் வட்டத்து ஆட்கள். 'கண் கலங்கிவிட்டது சார், உண்மையான கதைசொல்லல்' என்று லோகநாயகி எழுதியிருந்தார், அதாவது அவருடையது எழுதியிருந்தது. இன்னொருவர், 'மூன்றாவது வரியை முதலில் கொண்டுவந்தால் இன்னும் அழுத்தம் கூடும்' என்று ஆலோசனை சொல்லியிருந்தார். பொள்ளாச்சிக்காரர் ஒருவர், அப்பா கிடைத்ததும் இரண்டாம் பாகம் போடச் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றையும் நான் எங்கேயோ படித்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் எடுத்த வகுப்பில்தான்.

வட்டத்துக்கு வெளியே பொதுமக்கள் வந்தார்கள். அவர்கள் என் மாணவர்கள் இல்லை, என் வாடிக்கையாளர்கள். 'கடைசி வரி எங்கே சார், என்ன பிராண்டு?' என்று ஒருவர். 'கண்ணாடிக் கடையா? கண்ணாடி போட்டால் அப்பா தெரிவாரா?' என்று இன்னொருவர். 'போன தடவை அம்மாவைத் தேடி மாவு வாங்கினோம், இந்தத் தடவை என்ன வாங்கணும்?' என்று ஒரு பெண். அதற்கு ஆயிரக்கணக்கில் சிரிப்பு.

என்றாலும் பதிவு பறந்தது. மதியத்துக்குள் அது ஊரைத் தாண்டி, மாநிலத்தைத் தாண்டி, துபாய் வரைக்கும் போய்விட்டது. டீக்கடை முன்னால் நான் பெருமைப்பட்ட நிமிடம் இதுதான்.

அழைப்புகளும் வந்தன. பேரூர் கோயில் வாசலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஓடினேன். ஒல்லியாக, தாடியோடு யாரோ உட்கார்ந்திருந்தார். காந்தி பார்க்கில் பார்த்ததாக அடுத்த அழைப்பு. அங்கேயும் ஓடினேன். அவரும் ஒல்லி, அவருக்கும் தாடி, வெள்ளை வேட்டி. மூன்றாவதாக ஒருவர் அழைத்தபோது, "எங்கப்பாவுக்குத் தாடியே கெடையாதுங்க" என்றேன்.

"படத்துல இருக்குதுங்களே" என்றார் அவர்.

பதிவைத் திறந்தேன். என் அப்பா அங்கே இல்லை. குழி விழுந்த கண்களும் நரைத்த தாடியும் காய்ந்த உதடுமாக, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே அழுகை வந்தது. அவ்வளவு நல்ல படம்.

"யாருடா இது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லை" என்றது சின்ன மௌலி. "நீங்கள் கொடுத்த படத்தையும் வேறு சில முகங்களையும் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டிச் சோதித்தேன். உங்கள் அப்பாவின் முகத்தில் பரிதாபம் போதவில்லை. மக்கள் தாண்டிப் போய்விட்டார்கள். அவருடைய கண்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருத்தினேன். இந்த முகம்தான் ஜெயித்தது."

"ஜெயிச்சு என்னத்துக்குடா ஆகும்? அது எங்கப்பா இல்லையே."

"நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்றீர்கள். எந்தப் படம் ஜெயிக்கிறதோ அதைக் கேட்காமலே போட்டுவிடு என்பதும் நீங்கள் வைத்த ஏற்பாடுதான். 'உன் ரசனையை நம்பாதே, எண்ணிக்கையை நம்பு' என்று வகுப்பிலும் சொல்லியிருக்கிறீர்கள்."

"பழைய படத்தையே மாத்திப் போடு. இப்பவே."

"மாற்றிவிட்டேன். ஆனால் வட்டத்தில் மற்றவர்கள் இந்தப் படத்தை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருக்கிறார்கள். அவர்களும் சோதித்திருக்கிறார்கள். லோகநாயகியின் பதிப்பில் ஒரு பேத்தி சேர்ந்திருக்கிறாள்."

பார்த்தேன். பேத்தி அழுதுகொண்டிருந்தாள். எங்களுக்குக் குழந்தையே கிடையாது. என் அப்பா விதவிதமான முகங்களோடு, விதவிதமான சொந்தங்களோடு ஊர் ஊராகத் தேடப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த முகத்தை மட்டும் யாரும் தேடவில்லை. உச்சி வெயில். மாத்திரை வேளை தாண்டியிருந்தது. வேறு ஏதாவது ஒரு மகனுக்குப் பிறந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

காந்தி பார்க்குக்குப் பிருந்தா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து ஆட்டோக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். என் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"உங்கப்பாவைத் தேடறதுக்கு உங்கப்பா மூஞ்சி போதலையாங்க உங்களுக்கு?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிரிலிருந்த ஒரு டீக்கடைக்காரரிடம் காகிதத்தைக் காட்டப் போய்விட்டாள்.

அப்போது ஷாஜகானிடமிருந்து அழைப்பு வந்தது. வட்டத்தில் யாரும் யாரையும் அழைத்துப் பேசுவதில்லை. அது நாகரிகம் இல்லை என்று ஏற்பட்டுப் போயிருந்தது.

"ஏனுங்ணா, போஸ்ட் பட்டையக் கெளப்புதுங்ணா. எந்த டூல்ல பண்ணுனீங்க? நமக்கும் ஒரு முதியோர் இல்லம் கிளையண்ட்டு வந்துருக்குது, அதான் கேக்கலாம்னு."

"ஷாஜி, எங்கப்பாவ நெசமாவே காணோம்" என்றேன். நடுத்தெருவில் நின்றுகொண்டு விசித்து அழுதேன்.



"மன்னிச்சுக்கங்ணா" என்றார். பிறகு, "அப்பா என்ன வேலை பாத்துட்டிருந்தாருங்ணா?"

"எதுக்கு?"

"எங்க பெரியத்தா, அதான் பெரியப்பா, அவருக்கும் இதே மாதிரிதாங்ணா. காணோம்னா தறிப்பட்டறையிலதான் போயி நிப்பாரு. பட்டறையை இடிச்சுப் பல வருசமாச்சு, அந்த எடத்துல இப்ப ஜிம்மு இருக்குது. அங்க போயி நிப்பாரு."

இத்தனை ஆயிரம் பேர் பார்த்த பதிவின் கீழே, இத்தனை ஆலோசனைகளுக்கு நடுவே, இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"கண்டக்டர்" என்றேன். "டவுன்பஸ் கண்டக்டர். மருதமலை, உக்கடம் ரூட்டு."

சொல்லும்போதே எனக்கு வேறு ஒன்று உறைத்தது. அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். பதில் சொல்லி எனக்குச் சலித்துவிட்டதால், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, சின்ன மௌலியை என் குரலில் பேச விட்டிருந்தேன். அவரும் மகன் மாடியிலிருந்து பேசுகிறான் என்று சந்தோஷமாக இருந்தார். மொய் எழுதுவதைப் போல அதையும் ஒப்படைத்திருந்தேன்.

"காலையில அப்பாகிட்ட என்ன பேசினே?" என்று கேட்டேன்.

"வழக்கமான கேள்விதான்" என்றது சின்ன மௌலி. "'டூட்டிக்கு நேரமாச்சா கண்ணு' என்று கேட்டார். 'ஆமாம்ப்பா, நேரமாச்சு' என்றேன். இல்லை என்று சொன்னால் அவர் வருத்தப்படுகிறார். ஆமாம் என்று சொன்னால் முகம் மலர்கிறது. சோதித்துப் பார்த்திருக்கிறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் வருவது? என் குரலில் என்னைவிட அன்பாக ஒருவன் பேசியிருக்கிறான், அவன் பேச்சை நம்பி அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார்.

பிருந்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஷாஜகான் தன் வேலையைப் போட்டுவிட்டு உக்கடம் பஸ் நிலையத்தில் நின்று பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் அதே ரூட்டில் இருக்கும் லாலி ரோடு நிறுத்தத்தில் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்த்தோம். இப்போது டவுன்பஸ்களில் கண்டக்டர் கிடையாது. ஏறும்போதே கைபேசியைக் காட்டினால் டிக்கெட் காசு கழிந்துவிடும். அதனால் பின்படிக்கட்டுப் பக்கம் எப்போதும் காலியாக இருக்கும். நாலைந்து பஸ் போன பிறகு வந்த ஒன்றில் அந்த இடம் காலியாக இல்லை. தொப்பி போட்ட ஒருவர் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "லாலி ரோடு எறங்கறவங்க முன்னால வாங்க, படிய விட்டு உள்ள போ தம்பி" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏறினோம். கிட்டப் போனதும் அவர் கைநீட்டி, "எங்க போகணும்?" என்று கேட்டார்.

"உக்கடம், ரெண்டு" என்றாள் பிருந்தா.

"சில்லறையாக் குடு கண்ணு."

பிருந்தா பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தாள். டிரைவர் கொடுத்தனுப்பியது என்று நினைத்து மறுக்காமல் விழுங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. காலையிலிருந்து வழிநெடுகப் பயணிகள் பொரியும் வாழைப்பழமும் மோரும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நல்ல உற்சாகத்தில் இருந்தார். நான் கடைசியாக எப்போது அவரை அப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் காலேஜ் பெண் ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைபேசி. அதில் அந்தத் தாடிக்காரர்.

"இவரு உங்க அப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். "இந்தப் போஸ்ட்டு நம்பர் உங்களுதா? நான்கூட ஷேர் பண்ணினேங்க. பாவமா இருந்துச்சு. ஆனா இவரு வேற மாதிரி இருக்காருங்களே."

"ஆமாங்க, வேற மாதிரிதான் இருக்காரு" என்றேன்.

காலையில் இதே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனபோதும் அப்பா அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாராம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியேதான் அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறாள்.

உக்கடத்தில் ஷாஜகான் நின்றிருந்தார். வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் மொய் எழுதியவர்கள் முதல் தடவையாக நேரில் பார்க்கிறோம். படத்தில் இருப்பதைவிடக் குட்டை. என்னைப் பற்றி அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். கையைப் பிடித்துக்கொண்டேன். ஆழமான நட்பு என்று சுருக்கத்தில் வருவதற்கான வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை. "டீ சாப்டலாங்ணா" என்றார் அவர்.

டீ வந்தபோதே கைபேசி அடித்தது.

"மௌலீஸ்வரனுங்களா? உக்கடம் போலீஸ் ஸ்டேஷன்லருந்து பேசறேன். உங்கப்பா கெடச்சுட்டாருங்க. வந்து கூட்டிட்டுப் போங்க."

நான் பக்கத்தில் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன்.

"மேடம், எங்கப்பா எங்கூடத்தான் இருக்காருங்க."

"என்னங்க வெளையாடறீங்களா? படத்துல இருக்கற மாதிரியே இருக்காரு. காலையிலருந்து ஊரே தேடுது. மார்க்கெட்டுக்குள்ள ஒரு பழக்கடைக்காரர் பாத்துட்டு ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வந்துருக்காரு. நேர்ல வாங்க."

ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். நேரில் போய் விளக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அப்பாவைப் பிருந்தாவிடமும் ஷாஜகானிடமும் விட்டுவிட்டுப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். என் படம் தவறு, அந்த முகமே கிடையாது, ஒரு செயலி அதிக ஷேருக்காக வரைந்தது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர் என்னை உள்ளே தள்ளினாலும் நியாயம்தான்.

உள்ளே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். குழி விழுந்த கண், நரைத்த தாடி, அழுக்கேறிய வெள்ளை வேட்டி. சின்ன மௌலி வரைந்த அளவுக்கு அழகான பரிதாபம் இல்லை. கால் வீங்கியிருந்தது, வேட்டியில் ஈரம் இருந்தது. இருந்தாலும் அவரைத் தெரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இருக்காது.

எஸ்.ஐ. அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் திட்டினார். பிறகு கணினியில் எதையோ தேடினார்.

"இவரைக் காணோம்னு எங்கயும் புகார் இல்லைங்க" என்றார். "நம்ம ஜில்லாவுல இல்ல, பக்கத்து ஜில்லாவுலயும் இல்ல. மார்க்கெட்டுல ரொம்ப நாளாச் சுத்திட்டிருந்தாருங்கறாங்க. பேரு தெரியல, ஊரு தெரியல. யாரும் தேடல. இல்லத்துக்குத்தான் அனுப்பணும். அதுவரைக்கும் கொஞ்சம் பேச்சுக் குடுங்க. நீங்க போட்ட படத்தைக் காட்டித்தான் அவரை இங்க வரவெச்சிருக்காங்க. மகன் வருவான்னு உக்காந்திருக்காரு."

எஸ்.ஐ. அறையிலிருந்து பெஞ்சுக்கு வந்தேன். பழக்கடைக்காரர் தன் கைபேசியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தன் முகத்தைப் பார்த்தார். கீழே ஏறிக்கொண்டிருந்த ஷேர் எண்ணிக்கையைப் பார்த்தார். யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

நான் எதிரில் நின்றதும் நிமிர்ந்தார்.

"இத்தனை பேரும் என்னையத்தான் தேடறாங்களா?" என்று கேட்டார்.

என் வாழ்நாளில் நான் காசுக்காகச் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. அதில் ஒன்றைச் சொல்லக்கூட நான் இவ்வளவு தயங்கியதில்லை.

"ஆமாங்கய்யா" என்றேன். "உங்களைத்தான் தேடறோம்."

அவர் மறுபடியும் திரையைப் பார்த்தார். அந்த முகத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். படம் நகர்ந்துவிட்டது. நான் சரிசெய்து கொடுத்தேன்.

"இவ்வளவு பேரு தேடியுமா கண்ணு இத்தனை நாளாச்சு?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.